வான்கோழிக்குப் பழகிய பெயர்

அக்கா,

இன்றைக்குக் காலையில் படாளம் கூட்டுரோட்டில் வாழைக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து யாரோ என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கூப்பிட்டது வேறு யாரையோ. அந்தப் பெயரில் நம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? புருஷன் எங்கே என்று பார்க்கவில்லை. வான்கோழி எந்தப் பக்கமிருந்து ஓடிவருகிறது என்று ஜி.எஸ்.டி. ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோதான் வந்தது.

நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்த காய்க்காரம்மா, "இன்னாம்மா, வாயக்கா அவ்ளோ நல்லாவா கீது?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உனக்குச் சொன்னால் பாதி சொல்லும்போதே சிரித்துவிடுவாய். அதனால்தான் மத்தியானச் சோறு ஆனதும் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை நிறைய இருக்கும். நீ மூன்றாவதுதான், கண்டுபிடிக்க மாட்டாய்.

ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. நாம் இரண்டு பேரும் அந்த விஷயத்தில் ஊரை ரொம்ப ஏமாற்றிவிட்டோம். நீ இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது என் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட்ட பையனாம். தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினது நீதான். அப்புறம் அவருக்கு மீசை வந்தது, மீசை நரைத்தது, கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிற பெரிய மனுஷனும் ஆனார். உனக்கு மட்டும் அவர் கடைசிவரை 'டேய்'தான்.

நானோ அவர் பெயரைச் சொன்னதே கிடையாது. பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி அம்மா என்னை அனுப்பிவைத்தாள். ரேஷன் கடையில் கேட்டால், "ஆறுக்கு அடுத்தது, அதோட ஒரு குன்னு" என்பேன். கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொள்வார். திருப்பதி சாமியைக்கூடப் 'பெருமாள்' என்றுதான் கும்பிட்டேன். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற என் பெண் இதைச் சொல்லிச் சொல்லி மானத்தை வாங்குவாள். அவள் தன் புருஷனை 'வாடா போடா' என்கிறாள். அந்தப் பிள்ளையும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறான்.

ஒருநாள் குஞ்சுகளை நான் எண்ணினது நினைவிருக்கிறதா? "அஞ்சு, ஆறு, அவரு, எட்டு" என்று எண்ணினேன். முறத்தைக் கீழே போட்டுவிட்டு நீ கேட்டாய்: "அடியே, கோயிக்குள்ள அவரு எங்கடி வந்தாரு?"

அவர் கோழிக்குள் எப்படி வந்தார் என்பதுதான் கதையே.

வான்கோழி ஆசை உனக்கு மாமல்லபுரத்தில் பிடித்தது. அங்கே ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். புல்வெளியில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டோ பிடிக்க இரண்டு வான்கோழி விட்டிருந்தார்களாம். வீட்டுக்கு வந்து நெஞ்சை முன்னால் தள்ளி, புடவைத் தலைப்பைப் பின்னால் விரித்து நடந்து காட்டினாய். "நம்ம பெரிய மாமனாரு பொண்ணு பாக்க வந்த மாதிரியே கீதுடி." முட்டி வலி வந்து வேலையை விட்டதும் நேரே அச்சரப்பாக்கம் சந்தைக்குப் போய், அட்டைப் பெட்டி நிறையக் குஞ்சு வாங்கி வந்தாய். ஆடு வாங்கிவரப் போனவள் நீ.

குஞ்சுகள் வளர்ந்து மேயப் பழகினதும் கதவைத் திறந்து விட்டாய். "சாயங்காலம் எப்படிக்கா புடிக்கிறது?" என்று கேட்டேன்.

"புடிக்கிறதா? கோயின்னா பொயுது சாஞ்சா தானா வூட்டுக்கு வந்துரும். இது தெரியாம நீ இன்னாடி குடித்தனம் பண்ற?"

பொழுது சாய்ந்தது. நீ தானியத்தை வைத்துக்கொண்டு 'பா பா பா' என்று கூப்பிட்டாய். நம் நாட்டுக்கோழி எல்லாம் ஓடிவந்து வழித்துத் தின்றுவிட்டு அடையப் போனது. வான்கோழிகளைக் காணோம். பத்திரிகை வைத்தால்தான் வருவோம் என்று இருக்கும் சம்பந்தி வீட்டார் மாதிரி, பாதி புளியமரத்துக் கிளையில் இருந்தன. மீதி அடுத்த மனையில் சார் வீட்டு மாடியில்.

சார் திருநெல்வேலிக்காரர். கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு வாங்கி, நம் கொல்லைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். சாதுவான மனுஷன். வேலி ஓரமாக வந்து, "யம்மா, ஒங்க கோளி பூரா எங்க சோலார் பலகை மேல ஏறி நிக்கி. கரண்டு வரண்டாமா?" என்றார்.

"பொயுது போன அப்பறம் அதுக்கு இன்னா சார் வேல? சும்மாத்தான கீது. கொஞ்சம் குந்திக்கட்டும்" என்றாய்.

சார் மேலே பார்த்தார், இருட்டுகிற வானத்தைப் பார்த்தார், உள்ளே போனார். நாம் ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறக்கினோம். உன் முட்டிக்கு அன்றைக்கு நான் தேய்த்த தைலத்தில் ஒரு பெட்டைக்கோழியைக் குழம்பே வைத்திருக்கலாம்.

அதற்கப்புறம்தான் நீ அவற்றைப் பழக்குவது என்று இறங்கினாய். கொஞ்ச நாள் வெளியே விடாமல் கொட்டகைக்குள்ளேயே வைத்திருந்தாய். உள்ளே உயரமாகக் கழி கட்டி, அதில் உட்காரப் பழக்கினாய். மறுபடி திறந்து விட்டபோது கொட்டகை வாசல்வரை வந்தன, உள்ளே மட்டும் போக மறுத்தன. நீ என்ன செய்தாய்? குனிந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாய். "கருக்குனு கீதுடி. நானே வர மாட்டேன், அதுங்க எப்படி வரும்?" மறுநாள் ஒரு குண்டு பல்பு தொங்கிற்று.

மேய்ச்சலிலிருந்து ஓட்டிவருவது தனிக் கச்சேரி. துரத்தினால் சிதறிவிடும். ஆளுக்கு ஒரு நீள மூங்கில் குச்சியைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் போகிற மாதிரி மெள்ள நடக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் சிரித்தால் பெரிய சேவல் கழுத்தை நீட்டிக் 'களகளகள' என்று பதில் சொல்லும். அதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரிப்பேன். அது இன்னும் பலமாகப் பதில் சொல்லும். "வாய மூட்றியா, இல்ல உன்னயும் உள்ள போட்டு அடைக்கட்டுமா?" என்று குச்சியை என் பக்கம் திருப்புவாய்.

உள்ளே போனதும் தீனி. தவிடும் உடைத்த சோளமும் வெங்காயத்தாளும் கலந்த வாளி. உன் முட்டிக்கு அதைத் தூக்க முடியாது. அது கொழுந்தன் வேலை. அவர் வேனை நிறுத்திவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் செல்போனோடு படுத்திருப்பார். நீ பல்புக்குக் கீழே கொட்டகை வாசலில் நின்று, ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாய்:

"டேய் ஏயுமலேய்ய்!"

அவர் வாளியோடு வருவார். வான்கோழிகள் தின்னும், கழியில் ஏறும், நீ கதவைச் சாத்துவாய். நடுநடுவே 'பா பா பா' என்றும் நீ விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். குச்சி எடுக்காமலே அவை வீட்டுக்கு வர ஆரம்பித்ததும், 'பா பா'வுக்குப் பழகிவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தாய்.

அப்புறம் அந்த சிலிண்டர் வந்த நாள். நல்ல மத்தியானம். சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்க நீ வாசலில் நின்று உன் கொழுந்தனைக் கூப்பிட்டாய். அவர் வரவில்லை. ஏரிப் பக்கத்திலிருந்து வான்கோழிகள் வந்தன. சாதாரணமாகவா வந்தன? இறக்கையை விரித்துக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கும்பல் மாதிரி வந்தன. சிலிண்டர்காரர் வண்டி மேல் ஏறிக்கொண்டார்.

நீ அசையாமல் நின்றாய். அப்புறம் மெள்ள என்னிடம், "ஏண்டி... இதுங்க 'பா பா'வுக்கு வர்ல போலக்கீதே" என்றாய். சந்தேகம் தீர இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாய். பின்தங்கி நின்ற இரண்டு பெட்டைகளும் வந்துசேர்ந்தன. பெயர் கேட்டால் வாளி வரும். அவ்வளவுதான் அவை படித்த பாடம். நாம் இரண்டு பேரும் சிலிண்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

கடைசியாக அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "இன்னா அண்ணி, கூப்டியா?"

"உன்ன யாரு கூப்டா? உன் பேரு வச்ச கோயிங்கள கூப்டேன். உன்னவிட அதுங்க சுருக்கா வருது."

டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது. "அண்ணாத்த, உன் பேர்ல ஒரு பிரியாணி சொல்லட்டா?" என்று கேட்டார்களாம். "வேற பேரு வெச்சிப் பயக்கு அண்ணி, வெளிய தல காட்ட முடியல" என்று உன்னிடம் வந்து கெஞ்சினார்.

"பயகினது பயகினதுதான்டா. உன்னய பயக்கவே எனக்கு எத்தினி வருசம் ஆச்சு."

அதற்கப்புறம் ரொம்ப நாள் நீ இல்லை, அக்கா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். என் கையைப் பிடித்து, "கோயிங்க அடஞ்சிச்சா?" என்று கேட்டாய். "அடஞ்சிச்சிக்கா" என்றேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். "வெயிலு இன்னும் எறங்கல. அதுக்குள்ள எப்படிடி அடையும்? பொய்யி சொல்றதையாவது ஒயுங்கா சொல்லு." பிறகு சொன்னாய்: "பெட்ட முட்ட வெக்கிற சமயம். எவன் கேட்டாலும் தூக்கிக் குடுத்துடாதீங்க." உன் கொழுந்தன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

உன்னை எடுத்துப் போன பிறகு வீடு முழுக்க உறவுக்காரர்கள். வான்கோழிகளைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் காலையில் திறந்து விட்டதோடு சரி. சாயங்காலம் அவை ஏரிக்கரையில் நின்று வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும், வராது. இருட்டினால் புளியமரம். ஏரிக்கரை இறைச்சிக் கடை நாய்கள் இதை மோப்பம் பிடித்துவிட்டன. தரையில் படுத்திருந்த ஒரு பெட்டையைக் கடித்து இழுத்துப் போய்விட்டன.

கிடந்த இறகைப் பார்த்துவிட்டு உன் கொழுந்தன் சொன்னார்: "அச்சரப்பாக்கம் ஆளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வண்டி எடுத்துகினு வரான். எல்லாத்தையும் ஏத்தி வுட்டுட்றேன்."

"அக்கா இன்னா சொன்னாங்க? நீங்களும் தலைய ஆட்டினீங்களே?"

"ஆட்டினேன். அதுக்காக அண்ணி கோயிய நாயி தின்றத பாத்துகினு இருக்கச் சொல்றியா?"

ஆக, எனக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அன்றைக்கு அவை கொட்டகைக்கு வந்தால் நம் வீட்டில் இருக்கும். வராவிட்டால் விடிந்ததும் வண்டி ஏறும்.

முதலில் நான் 'பா பா' என்றேன். நாட்டுக்கோழி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார், "நான் கூப்புடுதேன். எப்படிக் கூப்புடணும்?" என்றார். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றேன். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏளுமலை! ஏளுமலை!" என்று நல்ல கனத்த குரலில் கூப்பிட்டார். ஏரிக்கரையில் தலைகள் நிமிர்ந்தன. யாரோ ஏளுமலை என்கிற ஆளைக் கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்று மறுபடி குனிந்துகொண்டன.

பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் சிறுசேரியில் கம்பெனி காருக்காகக் காத்திருந்தாள். "அப்பா பேரைத்தானே? ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன் இரும்மா" என்றாள். சார் அதை ஒரு பெரிய ஸ்பீக்கரில் போட்டார். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கின பெண் அல்லவா, நாக்கை மடித்து, "ஏழுமலை!" என்று சுத்தமாகச் சொல்லியிருந்தாள். பெரிய சேவல் வாலை விரித்துக் 'களகளகள' என்று கைதட்டிற்று. அதோடு சரி.

கடைசியில் பெயருக்கு உரியவரே வரப்பில் ஏறி நின்றார். தன் பெயரைத் தானே கூப்பிட எந்த மனுஷனுக்குக் கூச்சமாக இருக்காது? வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஏயுமல... ஏயுமல..." என்று இழுத்தார். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "இன்னாண்ணா, உன்ன நீயே தேடிகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நம் ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

வெயில் இறங்கிற்று. கரைமேல் நாய்கள் வந்து உட்கார்ந்தன. எதற்குக் காத்திருக்கின்றன என்று சொல்லவேண்டியதில்லை. நான் கொட்டகைக்குப் போய் பல்பைப் போட்டேன். நீ நிற்கிற இடத்தில் நின்றேன். சார் சொன்னதும் பெண் சொன்னதும் நீ கூப்பிடுகிற பெயர் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை பழகினது 'ஏழுமலை'க்கு இல்லை, 'ஏளுமலை'க்கு இல்லை. 'ஏயுமலே'வுக்கு. அதுவும் பொம்பளைக் குரலில். அதுவும் முன்னால் ஒரு 'டேய்' போட்டு.

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். "இன்னாங்க!" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினேன். வான்கோழி எதுவும் திரும்பவில்லை. "இன்னா?" என்று வீட்டுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்தான் வந்தது. வேலியில் சார் இருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தது.

பெருமாளே, ஆயுசை நீயே பார்த்துக்கொள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். உன் மாதிரியே இடுப்பில் கை வைத்தேன்.

"டேய் ஏயுமலேய்ய்!"

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. முதலில் கேட்டது இறக்கைச் சத்தம். பெரிய சேவல் முன்னால், மற்றவை பின்னால், கரையிலிருந்து சரிந்து, வரப்பைத் தாண்டி, நாட்டுக்கோழியைத் தள்ளிவிட்டு என் காலைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் போயின. எண்ணினேன். "அஞ்சு, ஆறு, ஏயு, எட்டு." வாய் ஒரு நாளைக்குள் கெட்டுப்போய்விட்டது. நாயிடம் போனது போக எல்லாம் இருந்தன. சார் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். என்னையா கோழியையா என்று தெரியவில்லை.

அதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிவந்தார். நம் ஆள், ஓடி! இத்தனை வருஷத்தில் உன் குரலுக்கு அவர் ஒருநாள் ஓடி நான் பார்த்ததில்லை. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அக்கா. எனக்குப் பின்னால், பல்பு வெளிச்சத்தில், கொட்டகைக்குள் தேடினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீயா கூப்ட?"

"பின்ன யாரு?"

வாளியை வைத்தார். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். தவிடு கண்ணில் பட்டுவிட்டதாம். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "டேய்னு சொன்ன" என்றார்.

"கோயிய சொன்னேன்."

"ஓ." போனை எடுத்து அச்சரப்பாக்கம் ஆளிடம், "வர வேணாம்ப்பா. அதுங்க வூட்டுக்கு வந்துடுச்சி" என்றார்.

பெட்டை முட்டை வைத்தது, அக்கா. பொரித்த குஞ்சுகள் இப்போது தாயளவு ஆகிவிட்டன. உன் குரலை அவை கேட்டதே இல்லை. பெரியவை ஓடுவதைப் பார்த்து அவையும் ஓடிவருகின்றன. நல்லவேளை, அவர் ஆயுசுக்கும் ஒன்றும் ஆகவில்லை, சர்க்கரைகூடக் குறைந்திருக்கிறது. என் பெண் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். தினமும் புருஷனை 'டேய்' போடுகிற பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று பேர் வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. முதல் குரலுக்கே வான்கோழிகள் வந்துவிடுகின்றன. ஏழுமலை வருவதில்லை. வாளியில் தவிடு கலந்து தயாராகத்தான் இருக்கும், ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பார், வர மாட்டார். இரண்டாவது கத்த வேண்டும், மூன்றாவது கத்த வேண்டும். முந்தாநாள் சண்டைக்கே போய்விட்டேன். "காது செவுடா? எத்தினி வாட்டிதான் கூப்புட்றது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பக்கத்துல நின்னு கேட்டா அண்ணி கூப்புட்ற மாதிரியே கீது. இன்னொரு வாட்டி கூப்புடட்டுமேன்னு நிக்கிறேன்."

வெயில் இறங்குகிறது, அக்கா. சுவருக்குப் பின்னால் அவர் வாளியை வைக்கிற சத்தம் கேட்கிறது. பல்பைப் போட்டுவிட்டுப் போய்க் கத்த வேண்டும். வான்கோழிக்கு ஒரு தடவை. அவருக்கு இரண்டு.